நீளமா, பூட்டா? வெளிநாட்டுக்குப் புறப்படுவோர் எடுத்துச் செல்லத்தக்க பேனாக்கத்தி எது

என் தங்கை மகள் இங்கிலாந்தில் செவிலியர் வேலைக்குப் புறப்பட இரண்டு வாரம் இருந்தபோது, அவளுடைய பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் திறந்து கிடந்தது. ஏத்தங்காய் வற்றலும் அண்டிப்பருப்பும் கட்டிய பொட்டலங்களுக்கு நடுவே, பழைய துவர்த்துத் துண்டில் சுற்றிய ஒரு பிச்சாத்தியைத் தங்கை செருகி வைத்திருந்தாள். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்தார் அடுக்களைச் சிறுகத்தியை அப்படித்தான் சொல்வோம். "மாமா, இதைக் கொண்டு போகலாமா, இல்லை மடக்குகிற மாதிரி ஒன்று வாங்க வேண்டுமா?" என்று தங்கை மகள் கேட்டாள். அதே மாதத்தில், ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையனும், சரக்குக் கப்பலில் முதன்முறையாக ஏறவிருந்த நண்பர் மகனும் இதே கேள்வியோடு வந்தார்கள். கப்பல் தளத்தில் பல ஆண்டுகள் கயிறும் கத்தியுமாக வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விடியற்காலையில் பால்வெட்டுக் கத்தியுடன் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவரையோ, தோளில் வெட்டுக்கத்தியுடன் தென்னந்தோப்புக்கு நடக்கிறவரையோ, தேங்காய்ப்பட்டணத்தில் படகிலிருந்து இடுப்பில் கத்தியோடு இறங்குகிறவரையோ இங்கே யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்கூட, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்ட கத்திகளை அதிலிருந்தும் விலக்குகின்றன. கத்தி என்றால் கருவி என்று எண்ணியே வளர்ந்தவர்கள் நாம். நாம் போய்ச் சேரும் நாடுகள் பலவற்றில், பொது இடத்தில் ஒருவர் சட்டைப்பையில் கத்தி இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் கடையில் போய்க் கத்தியைப் பொறுக்குவதில் பயனில்லை.

வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது நீளத்தை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஓர் ஆங்கிலத் துறைமுகத்தில் கயிறு பின்னும் வேலையை முடித்துவிட்டு, கைகழுவி, மேல்சட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குள் கிளம்பினேன். சட்டைப்பையில் என் மடக்குக்கத்தி இருந்தது. அலகு 7 செ.மீ.தான்; அந்த நாட்டு வரம்பு 3 அங்குலம், அதாவது 7.62 செ.மீ. என்று யாரோ சொல்லியிருந்ததால் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. துறைமுக வாசலில் நின்ற காவலாளி கத்தியை வாங்கி விரித்தார். அளவுகோல் எதையும் எடுக்கவில்லை. விரித்த அலகின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். அலகு அசையவில்லை. இன்னொரு முறை சற்று பலமாக அழுத்தினார், அப்போதும் அசையவில்லை. கைப்பிடிக்குள் இருந்த தகடு அலகின் அடியைத் தாங்கிப் பிடித்திருந்தது. கத்தியை என்னிடமே தந்து, கப்பலில் வைத்துவிட்டு வரும்படி சொன்னார். வாசலுக்கு வெளியே ஒரு காவலர் அதை எடுத்திருந்தால் அந்த மாலை வேறு விதமாக முடிந்திருக்கும் என்பது பிறகுதான் விளங்கியது.

இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், பொது இடத்தில் அலகோ கூர்முனையோ உள்ள பொருளை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அதில் ஒரே ஒரு கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத, மடங்கும் பேனாக்கத்தி. மடங்கும் என்ற சொல்லுக்கு அந்நாட்டு நீதிமன்றங்கள் 1990களில் பொருள் வரையறுத்தபோது, எந்த நேரத்திலும் வெறும் அழுத்தத்தால் மடியக்கூடியதே மடங்கும் கத்தி, பொத்தானை அழுத்தியோ தகட்டை நகர்த்தியோ விடுவித்தால்தான் மடியும் என்றால் அது இந்த விலக்குக்குள் வராது என்று தீர்மானித்தன. ஆகவே பூட்டு உள்ள கத்தி இரண்டு அங்குலமே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது அடுக்களைக் கத்தியோடு ஒரே வரிசையில் நிற்கிறது. தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே அதைக் கையில் வைத்திருக்கலாம். காரணம் இல்லையென்றால் நான்கு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. பூட்டில்லாத சிறு கத்திக்கு அங்கே காரணமே சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் கடையில் இருக்கும் கத்திகளில் பாதியைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம்.

ஜெர்மனி இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்கிறது. அங்குள்ள ஆயுதச் சட்டம் 2008 முதல், ஒரே கையால் விரித்துப் பூட்டக்கூடிய மடக்குக்கத்திகளையும், 12 செ.மீ.க்கு மேல் அலகுள்ள மடங்காத கத்திகளையும் வெளியில் எடுத்துச் செல்லத் தடை விதித்திருக்கிறது. மீறினால் 10,000 யூரோ வரை அபராதம். அலகில் நகம் மாட்டும் சிறு குழியைப் பிடித்து இரண்டு கையால் விரிக்கும் பழைய பாணிக் கத்தி இந்தத் தடையில் வராது. ஆனால் 2024 அக்டோபர் இறுதியில் வந்த திருத்தம், பொது விழாக்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் அவற்றின் நிலையங்களிலும் கத்திகளை, சிறியவை உட்பட, தடுத்துவிட்டது. எளிதில் கைக்கெட்டாதபடி பொதிந்து கொண்டுபோவது போன்ற விலக்குகள் மட்டும் உண்டு. நகரங்கள் தனியாக அறிவிக்கும் கத்தித் தடைப் பகுதிகள் இதற்கு மேல். ஜெர்மனியில் ஊர் விட்டு ஊர் போகாமல் படிக்க முடியாது; ரயில் ஏறாத மாதமே இருக்காது. எனவே கத்தி சட்டப்படியானதா என்பதோடு, அன்றைக்கு எங்கே போகிறோம் என்பதையும் அங்கே ஒவ்வொரு காலையும் யோசிக்க வேண்டும்.

அயர்லாந்துக்கும் நம் மாவட்டத்திலிருந்து செவிலியர்கள் போகிறார்கள். இங்கிலாந்துக்குப் பக்கத்து நாடுதானே என்று அதே கத்தியைக் கொண்டு போய்விடுவது எளிது. அங்கே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று அங்குல விலக்கு கிடையாது. பேனாக்கத்தியாக இருந்தாலும் காரணம் கேட்டால் காரணம் இருக்க வேண்டும். டென்மார்க்கில் பூட்ட முடியாத, 7 செ.மீ. வரையிலான மடக்குக்கத்திக்கு இடம் உண்டு.

ஜப்பான் தனி உலகம். 1958ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தகுந்த காரணமின்றி எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. அதிலும் மடக்குக்கத்திக்கு ஒரு சலுகை உண்டு: அலகு 8 செ.மீ.க்குள், அகலம் 1.5 செ.மீ.க்குள், கனம் 0.25 செ.மீ.க்குள் இருந்து, விரித்த அலகை நிலைநிறுத்தும் பூட்டும் இல்லாமல் இருந்தால் அந்தத் தடை அதைத் தொடாது. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் சின்னக் கத்தி சரிதான் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. 1948ஆம் ஆண்டின் சிறுகுற்றச் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. உடம்பையோ உயிரையோ காயப்படுத்தக்கூடிய கருவியைத் தகுந்த காரணமின்றி மறைத்து வைத்திருப்பதை அது தண்டிக்கிறது, அதில் அளவுக் கணக்கே இல்லை. எப்போதாவது உதவும் என்று பையில் போட்டு வைத்தேன் என்பதை நம் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே அதைக் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தண்டனையின் எடையே வேறு. இரண்டு நாடுகளிலும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொது இடத்தில் உரிய நோக்கமின்றித் தாக்கக்கூடிய ஆயுதம் வைத்திருப்பதற்குச் சிறையோடு பிரம்படியையும் விதிக்கிறது. பழம் நறுக்கும் கத்தி தானாகவே ஆயுதமாகிவிடாது என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை ஒரு காவல் நிலையத்தில் மொழி புரியாமல் நின்று நடத்த எந்தத் தாயும் தன் பிள்ளையை அனுப்ப மாட்டாள்.

இனி, கையில் இருக்கும் தெரிவுகளைப் பார்க்கலாம். தங்கை சுற்றி வைத்த பிச்சாத்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை எடுத்து வெளியே வைப்பதுதான் வீட்டில் மிகவும் கடினமான வேலையாக இருந்தது. கொல்லர் உலையில் அடித்த அந்த இரும்பு, கல்லில் நான்கு இழுப்பு இழுத்தால் தக்காளியின் தோலை அதன் எடையாலேயே அறுக்கும். பயணிகளோடு விமானத்துக்குள் கொண்டுபோகாமல், சரக்காகப் போடும் பெட்டியில் பொதிந்து அனுப்பினால் அது போய்ச் சேரும். அங்கே வாடகை வீட்டு அடுக்களையில் அதை வைத்திருப்பதிலும் குற்றம் இல்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். மடங்காத அலகு, கூர்முனை, உறை கிடையாது. வீடு மாறும் நாளிலோ, தோழியர் சேர்ந்து பூங்காவுக்குச் சோறு கட்டிப் போகும் நாளிலோ அது ஒருமுறை கைப்பைக்குள் ஏறிவிட்டால், அவள் செய்த வேலை, அவள் குணம் எதுவும் அதற்கு விடை சொல்லாது. அங்கே எந்தச் சிறு கடையிலும் காய்கறிக் கத்தி கிடைக்கும். வாங்கிய கத்தியை அட்டையைப் பிரிக்காமல், ரசீதோடு, நேராக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எவருக்கும் விளங்கும் காரணம்.

ஒரே கையால் விரியும் பூட்டுக்கத்திகளும், இடுக்கியும் கத்தியும் திருப்புளியும் ஒன்றாக மடங்கும் லெதர்மேன் வேவ் போன்ற பெரிய பல்கருவிகளும் இளைஞர்களுக்கு மிகவும் பிடித்தவை. வேலைக்காரன் என்ற முறையில் அவற்றின் நன்மையை நான் மறுக்க மாட்டேன். நனைந்த கையோடு தடித்த கயிற்றை அறுக்கும்போது அலகு விரல் மேல் மடிந்துவிடாமல் காப்பது பூட்டுதான். என் வலக்கைச் சுட்டுவிரலில் இருக்கும் தழும்பு பூட்டில்லாத கத்தியால் வந்தது. கப்பல் தளத்திலும் பணிமனையிலும் அதற்கு இடம் உண்டு, அங்கேயே அது இருக்கவும் வேண்டும். தெருவில் அதை வைத்திருக்க இங்கிலாந்தும் விடாது, ஜெர்மனியும் விடாது, ஜப்பான் சலுகையும் அதற்கு இல்லை. நான் பார்த்த நாடுகளின் சட்டங்கள் எல்லாம் ஒரே குரலில் மறுக்கும் ஒரே வகை இதுதான். இன்னும் மோசமானது, பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் பட்டன் கத்தி. திருவிழாக் கடைகளில் விளையாட்டுப் பொருள்போல் விற்கும் அதை இங்கிலாந்தில் 2021 முதல் சொந்த வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். அதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

பூட்டில்லாத மடக்குக்கத்தி வகையில்தான் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. அலகின் அடியை ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும்; அந்த அழுத்தத்தால் மட்டுமே அலகு விரிந்தும் மடிந்தும் நிற்கும். கட்டைவிரல் நகத்தைக் குழியில் மாட்டி இழுக்கும்போது பாதி வழியில் வில்லின் எதிர்ப்பு தெரியும், முழுதும் விரிந்ததும் டக் என்ற ஓசையோடு நிற்கும். நல்ல கத்திக்கு அந்த ஓசை தெளிவாகவும், விரித்த பின் அலகுக்குப் பக்கவாட்டில் ஆட்டம் இல்லாமலும் இருக்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே அந்தக் காவலாளி செய்ததைச் செய்து பாருங்கள். அலகின் வாயில் விரல் படாமல் கைப்பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்த வேண்டும். மடிந்தால் எடுத்துக்கொள்ளலாம், மடியாவிட்டால் விற்பவர் என்ன சொன்னாலும் வைத்துவிடலாம்.

இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் விக்டோரினாக்ஸ். 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்தது. 1891இல் சுவிஸ் படைவீரர்களுக்கும், 1897இல் அதிகாரிகளுக்குமாகக் கத்தி செய்தார்கள். சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் பார்த்ததும் இது எங்கும் செல்லும் என்று நம்பிவிடுகிறோம். அது பெரிய தவறு. அதே நிறுவனத்தின் 111 மி.மீ. வரிசையில் (இந்த அளவு மடித்த கத்தியின் நீளம்) ட்ரெக்கர் போன்றவை ஒரே கையால் விரிந்து பூட்டிக்கொள்பவை. ஜெர்மன் தடை நேராக அவற்றின் மேல்தான் விழுகிறது. 91 மி.மீ. ஸ்பார்டனும், அலுமினியப் பிடி கொண்ட 84 மி.மீ. கேடட்டும் பூட்டில்லாதவை, இரண்டு கையால் விரிப்பவை. ஸ்பார்டனின் பெரிய அலகு ஏறக்குறைய 7 செ.மீ.; இங்கிலாந்துக்குப் போதும், டென்மார்க்கின் வரம்பில் விளிம்பில் நிற்கிறது. கேடட்டின் அலகு அதைவிடக் குட்டை, பிடி தட்டை, சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. டப்பா திறப்பானும் புட்டி திறப்பானும் அதிலும் உண்டு. இரண்டையும் பல மாதம் வைத்துப் பார்த்ததில் எனக்குக் கேடட்டின் மேல்தான் மனம் போகிறது. ஸ்பார்டனில் கூடுதலாக வரும் தக்கை திருகியை நான் ஒருமுறைகூடத் தேடியதில்லை.

பிரான்சின் ஓபினெல் மரப்பிடிக் கத்திக்கு ஒரு நுட்பம் இருக்கிறது. 1890இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் உருவாக்கிய அந்தக் கத்தியில் 1955இல் சுழலும் பூட்டு வளையம் சேர்ந்தது. இந்தக் கத்திகளின் அளவை எண்ணால் குறிப்பார்கள்; இன்று 6ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ளவற்றில் வளையம் உண்டு. 5ஆம் எண்ணிலும் அதற்குக் கீழும் இல்லை. 8ஆம் எண்தான் கடைகளில் அதிகம் கிடைக்கும், அதன் அலகு 8.5 செ.மீ., வளையமும் உண்டு. இங்கிலாந்தின் இரண்டு நிபந்தனைகளிலும் தவறுகிறது. 5ஆம் எண்ணின் அலகு 6 செ.மீ., பூட்டு இல்லை. மாம்பழம் நறுக்க இதைவிட இனிய கத்தியை நான் கண்டதில்லை, மெல்லிய அலகு, சதையில் ஒட்டாமல் இறங்கும். ஆனால் கரிம எஃகு அலகு வாங்கினால் எங்கள் கடற்காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறும். துருப்பிடிக்காத எஃகில் வருவதைக் கேட்டு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி, அலகு வெளியே வர மறுப்பதும் உண்டு.

இங்கிலாந்துச் சட்டத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த ஸ்பைடர்கோ யூகே பென்நைஃப் போன்றவையும் கிடைக்கின்றன. அலகு 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, பூட்டு கிடையாது. அந்த ஒரு நாட்டில் மட்டும் இருக்கப் போகிறவருக்கு அது பொருந்தும். வரம்பின் விளிம்பு வரை நீட்டிய கத்தி எல்லை கடந்ததும் பொருந்தாமல் போவதால், பல நாடு போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி அழகான மடக்குக்கத்தி. பூட்டும் இல்லை, வில்லும் இல்லை, பிடியின் இறுக்கமும் கட்டைவிரலும்தான் அலகை நிறுத்துகின்றன. ஒரு காலத்தில் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்தது. 1960இல் அரசியல் தலைவர் அசானுமா குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் பரவியதில் அது பள்ளிப் பைகளிலிருந்து மறைந்தது. வீட்டு மேசையில் வைத்துக்கொள்ள நல்லது.

விக்டோரினாக்ஸின் 58 மி.மீ. கிளாசிக் வகையைப் பலரும் பொம்மை என்று தள்ளிவிடுவார்கள். 4 செ.மீ.க்கும் குறைந்த அலகு, சிறு கத்தரிக்கோல், நகம் சீவும் அரம், எல்லாம் சேர்ந்து இருபது கிராம் சொச்சம் எடை. ஆனால் வெளிநாட்டில் ஒருவர் ஒரு வாரத்தில் என்னென்ன அறுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்: பார்சலின் ஒட்டுநாடா, உணவுப் பொட்டலத்தின் மூலை, சட்டையின் அடையாளச் சீட்டு நூல், மாத்திரை அட்டை, எப்போதாவது ஓர் ஆப்பிள். இதில் கடைசியைத் தவிர மற்றதையெல்லாம் கத்தரிக்கோலே செய்துவிடும். பார்க்கிறவர் மனத்தில் அச்சம் எழுப்பாத தோற்றம் இதற்கு உண்டு. காரணம் கேட்கப்படும் நாட்டில் தோற்றத்துக்கும் மதிப்பு இருக்கிறது.

அதற்கும் ஒரு படி கீழே அலகே இல்லாத கருவிகள். அதே நிறுவனத்தின் ஜெட்செட்டரில் கத்தரிக்கோலும் திருப்புளியும் புட்டி திறப்பானும் உண்டு, கத்தி இல்லை. 2024இல் அந்த நிறுவனத்தின் தலைவரே, நாடுகள் கத்திக் கட்டுப்பாட்டை இறுக்குவதால் அலகில்லாத வகைகளை உருவாக்கி வருவதாக அறிவித்தார். கத்தி செய்தே நூறாண்டு கடந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் வந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் ஒருபுறம் இருக்க, ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் நான் கை காட்டும் தெரிவு இதுதான்.

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியத்திலும் கனடாவிலும் 6 செ.மீ. வரையிலான அலகைக் கைப்பையில் விடுவதாக விதி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஏறுகிற நமக்கு அதனால் பயன் இல்லை. இந்திய விமான நிலையங்களில் எந்த நீளக் கத்தியும் கைப்பையில் ஏறாது. வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறும்போது கைப்பையை மறுபடி சோதிப்பார்கள். திரும்பி வரும்போதும், அங்கே விட்டார்களே என்று எண்ணிக் கைப்பையில் வைத்த கத்தி இடைவழியில் போய்விடும். புறப்படும் முன் சரக்குப் பெட்டியில், மடித்து, சிறு டப்பாவில் போட்டு, துணிகளின் நடுவில் வைத்துவிடுவது ஒன்றே வழி. சாவிக்கொத்தில் மாட்டிய கிளாசிக்கை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். வீட்டைப் பூட்டும்போதே சாவிக்கொத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றைத் தாய்மார்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரவுப் பணி முடிந்து தனியாகப் பேருந்துக்கு நடக்கும் மகளை நினைத்து, "கைக்குள்ள ஒண்ணு இருக்கட்டும் மக்ளே" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பயத்தை நான் அறிவேன். ஆனால் இங்கிலாந்தில் ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருக்கும் எந்தப் பொருளும் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி தாக்கும் ஆயுதம். தற்காப்புக்காக என்று சொன்ன அந்தக் கணமே, மூன்று அங்குலத்துக்குள் உள்ள, பூட்டில்லாத, முற்றிலும் அனுமதிக்கப்பட்ட பேனாக்கத்தியும் அந்த வகைக்குப் போய்விடும். பிள்ளைகள் பொய் சொல்லக் கற்க வேண்டியதில்லை. அந்த எண்ணத்தில் கத்தியை எடுத்துப் போகாமல் இருந்தால் போதும். பாதுகாப்புக்கு மருத்துவமனை விடுதிக்கு அருகில் வீடு பார்ப்பதும், கூட வேலை செய்கிறவரோடு சேர்ந்து நடப்பதும் வேறு கணக்கு, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

தங்கை மகளுக்குக் கேடட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இங்கிலாந்தில் அது காரணம் கேட்கப்படாத கத்தி. பணிக்குப் போகும்போது அறையிலேயே வைத்துவிட வேண்டும் என்றும், மருத்துவமனையின் உள்விதி சட்டத்தைவிட இறுக்கமாக இருக்கும் என்றும் சொன்னேன். பிறகு அயர்லாந்தில் வேலை மாறினால் அதை அடுக்களை இழுப்பறைக்கு மாற்றிவிடும்படி சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மனிக்குப் போகும் பையன் லெதர்மேன் வேவ் ஒன்றில் கண் வைத்திருந்தான். பணிமனையில் வேண்டுமென்றால் அங்கேயே வாங்கி அங்கேயே அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும் என்று அவன் அப்பாவும் நானும் ஒத்துக்கொண்டோம். அவனுக்கு கிளாசிக். ரயில் ஏறும் நாளில் அதையும் அறையிலேயே விட்டுவிட வேண்டும். முகம் வாடினான், வாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

கப்பலில் ஏறும் பையனுக்குத்தான் நிறைய நேரம் செலவானது. அவனுக்கு வேலைக்குக் கத்தி கட்டாயம் வேண்டும், அதுவும் பூட்டோ உறையோ உள்ளது, முனை கூராக இல்லாமல் ஆட்டுக்குளம்புபோல் மழுங்கியது. ஆடும் தளத்தில் தவறி விழுந்தாலும் மழுங்கிய முனை காலில் இறங்காது. அதைச் சரக்குப் பெட்டியில் வேலைக் கையுறைகளோடும் தொப்பியோடும் ஒன்றாகக் கட்டி, பணி நியமனக் கடிதத்தின் நகலையும் அந்தப் பையிலேயே வைக்கச் சொன்னேன். துறைமுகத்துக்குப் போகும் வழியில் யாரேனும் திறந்து பார்த்தால் பார்த்தவுடனே விளங்க வேண்டும். கப்பலில் ஏறிய பின் கத்திக்கு இடம் தளத்துப் பெட்டியும் இடுப்பு வாரும். சிங்கப்பூரிலோ யோகோஹாமாவிலோ கரை இறங்கும்போது இடுப்பு வாரை அவிழ்த்துக் கட்டில் கொக்கியில் மாட்டிவிட்டு, சட்டைப்பை இரண்டையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஏணியில் இறங்கச் சொன்னேன்.

பிச்சாத்தி துவர்த்துத் துண்டிலிருந்து வெளியே வந்து, தங்கை வீட்டு அடுக்களைத் திண்ணையில் பழைய இடத்துக்கே போய்விட்டது. பெட்டியில் அது இருந்த இடத்தில் இன்னும் இரண்டு பொட்டலம் வற்றலை வைத்தாள்.